நாய்க்குக் கூலி என்ன கொடுப்பது? கேள்வியும் பதிலும்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வீட்டு நாய், தோட்டத்து நாய் இரண்டையும் பழக்கி வருகிறேன். பழக்கும்போது என்ன தின்னக் கொடுப்பது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில். அதைப் பரிசு என்று நான் சொல்வதில்லை, கூலி என்பேன். வேலை முடிந்ததும் அங்கேயே கைக்கு வர வேண்டியது கூலி.

பாலக்கோடு: ஐயா, கையில் பிஸ்கட் இருந்தால்தான் எங்கள் டைகர் கூப்பிட்டதும் வருகிறான். இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிஸ்கட்டை மாற்ற வேண்டுமா?

பிஸ்கட்டை விடுங்கள், உங்கள் கையை மாற்றுங்கள். இன்று இரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். அவன் கண்ணில் படாமல் சமையலறையில் நின்று, பெயர் சொல்லாமல், பிஸ்கட் உறையை மட்டும் கசக்குங்கள். ஓடி வந்து நிற்பான். அவன் கற்றுக்கொண்டது தன் பெயரை அல்ல, உறையின் சரசரப்பை. ரஷ்யாவின் பாவ்லவ் செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய நாய்களுக்கும் தீனி வாய்க்கு வருவதற்கு முன்பே, கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே எச்சில் ஊறியது. உங்கள் வீட்டில் ஆளுக்குப் பதில் உறை.

முதலில் உறையைப் பிரித்து எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் கொட்டி அலமாரியில் வையுங்கள். இரண்டு துண்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு கூப்பிடுங்கள். வந்து சேர்ந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்லுங்கள், அதன் பிறகே கை பைக்குள் போகட்டும். அந்தச் சொல்லுக்கும் அவன் செய்ததற்கும் இடையே ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் தேடித் துழாவும் நேரத்தில் அவன் உட்கார்ந்து காதைச் சொறிந்தால், சொறிந்ததற்குக் கூலி கொடுத்தவர் ஆவீர்கள்.

இப்போது அவன் "கையில் காசு, வாயில் தோசை" என்று உங்களிடம் வியாபாரம் பேசுகிறான். முதல் பத்து நாள் ஒவ்வொரு முறையும் கொடுங்கள். பழக்கம் நிலைத்ததும் சில முறை வெறும் தட்டிக்கொடுத்தல், சில முறை ஒரு துண்டு, எப்போதாவது எதிர்பாராமல் நான்கு துண்டு என்று மாற்றுங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் விடாமல் வருவான்.

ஓசூர்: கடையில் நாய்த் தின்பண்டம் சின்னப் பொட்டலமே விலை அதிகமாக இருக்கிறது, சார். அதுதான் நல்லதா?

தேவையில்லை. நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் பெரிது. நமக்குச் சுவை மொட்டுகள் ஏறக்குறைய 9,000 என்றால் அதற்கு 1,700தான். எனவே மணக்கும் பொருளைப் பாருங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

நான் செய்வது இது. கால் கிலோ கோழி ஈரலை உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்து நீரை வடித்துவிடுவேன். பிறகு லாப்ரடாருக்குப் பட்டாணி அளவு, பொமரேனியனுக்குத் துவரம்பருப்பு அளவு நறுக்குவேன். தடித்த தோசைக்கல்லில் சிறு தீயில், கையில் ஒட்டாத பதம் வரும்வரை புரட்டுவேன். வீடு முழுக்க நாறும், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால் தினமும் கை நிறையக் கொடுக்க வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை: அண்ணா, நாங்கள் கேழ்வரகுக் காட்டுக்காரர்கள். ஈரலெல்லாம் கட்டுப்படியாகாது. களி உருண்டை போதாதா?

வீட்டு வாசலில் உட்காரவும் படுக்கவும் பழக்க, அதுவும் சாப்பாட்டுக்கு முன் பசி நேரத்தில் பழக்க, களி போதும். ஆனால் அது அவனுக்கு அன்றாடச் சோறு. காட்டுப்பன்றி ஓடும்போது திரும்பி வா என்று கூப்பிட்டால் அந்தக் களிக்காக வருவானா?

உங்கள் பக்கம் இது வெறும் ஒழுக்கப் பாடம் அல்ல. கதிர் முற்றும் காலத்தில் யானை இறங்கும். யானையைப் பார்த்துக் குரைத்த நாய் பயந்தால் எங்கே ஓடும்? உங்களிடம்தான். பின்னாலேயே யானையும் வரும். அதனால் அந்த "வா" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் தனிக் கூலி வையுங்கள், வேறெதற்கும் அதைக் கொடுக்காதீர்கள். வெந்த முட்டை போதும். ஒரு முட்டையை நறுக்கினால் நாற்பது துண்டு வரும், ஒரு வாரத்துக்குப் பாதி முட்டைகூடச் செலவாகாது. பகலில், ஆடுமாடு மேயும் இடத்தில், நீளக் கயிறு கட்டிப் பழக்குங்கள். யானை வரும் இரவில் நாயைக் கட்டிப்போடுவதுதான் என் யோசனை, எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும்.

காவேரிப்பட்டினம்: மாம்பழம் கொடுக்கலாமா? எங்கள் தோப்பில் கீழே விழுந்ததை அதுவே தின்கிறது.

தோல் நீக்கிய சதை இரண்டு மூன்று துண்டு கொடுக்கலாம். கொட்டை கூடவே கூடாது.

என் முதல் நாய் கருப்பன் ஒரு சீசனில் செந்தூராக் கொட்டையை விழுங்கிவிட்டான். இரண்டு நாள் வாந்தி, மூன்றாம் நாள் தண்ணீரும் தங்கவில்லை. முதலில் காட்டிய இடத்தில் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சூடு என்று மருந்து எழுதினார்கள். இன்னோர் இடத்தில் படம் எடுத்த பிறகுதான் குடலில் கொட்டை சிக்கியிருப்பது தெரிந்து அறுத்து எடுத்தார்கள். பிழைத்தான். உதிர்ந்த பழத்தைக் காலையிலேயே பொறுக்கிவிடுங்கள்.

அரூர்: சாக்லேட், திராட்சை, வீட்டுச் சாப்பாட்டு மிச்சம்?

மூன்றும் வேண்டாம். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எத்தனையில் கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருப்பதால் புளிச்சோற்றையும் நிறுத்துங்கள். புளி இல்லாமல் நம் வீட்டில் மிச்சம் ஏது? குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் கொஞ்சம் போனாலே ஆபத்து. வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குத்தும்.

அரூர்: ஒகேனக்கல் போகும்போது வறுத்த மீன் ஒரு துண்டு?

மசாலா, எண்ணெய், முள். வேண்டாம். நீங்களே சாப்பிடுங்கள்.

ஊத்தங்கரை: எங்கள் சிப்பிப்பாறை நாய் வீட்டில் எதையும் தின்கிறது. பஸ் நிலையம் பக்கம் கூட்டிப்போனால் ஈரலையே துப்புகிறது.

அது ஈரலின் குறை அல்ல. பயமோ பரபரப்போ தலைக்கேறினால் நாய்க்குத் தொண்டையில் இறங்காது. எத்தனை அடி தள்ளி நின்றால் தின்கிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் உங்கள் வகுப்பறை, அங்கிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நெருங்குங்கள். தவிர, இது துரத்தும் சாதி. கயிற்றில் கட்டிய பழந்துணியை இழுத்து ஓடவிடுங்கள், சில நாய்களுக்குச் சோற்றைவிட அதுவே பெரிய கூலி.

நல்லம்பள்ளி: பழக்க ஆரம்பித்த மூன்று மாதத்தில் எங்கள் நாய்க்கு இடுப்பே தெரியவில்லை, அண்ணா.

நாள் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூலியாகப் போகக் கூடாது. கொடுத்த அளவை இரவுச் சாப்பாட்டில் குறையுங்கள். நாய் எண்ணுவது துண்டுகளை, எடையை அல்ல. ஒரு பிஸ்கட்டை எட்டாக உடைத்தால் அதற்கு எட்டுக் கூலி.

பென்னாகரம், கல்லூரி மாணவி: தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்க்கிறேன். தின்ன நீட்டினால் விரலோடு சேர்த்துக் கடிக்கிறது.

விரல் நுனியில் நீட்டாதே அம்மா. துண்டை உள்ளங்கையில் வைத்து மூடி, முஷ்டியை அதன் மூக்கருகே வை. நக்கும், சுரண்டும், பல் போடும். அசையாமல் இரு. சலித்து மூக்கை ஓர் அங்குலம் பின்னால் எடுக்கும் நொடியில் கையை விரித்துத் தட்டையாக நீட்டு. நாலைந்து நாளில் முஷ்டியைக் கண்டதும் தானே பின்வாங்கி உட்காரும். இதற்கிடையில் பல் பட்டுத் தோல் கீறியிருந்தால், குட்டிதானே என்று விட்டுவிடாதே. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள். குட்டிக்கும் போட்டாயா என்று எழுது.