பழைய பில்லும் புதிய கணக்கும்

வணக்கம் சார்,

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் செய்து தரும் சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் சாப்ட்வேர் ஆரம்பத்திலிருந்தே பில்லின் ஒவ்வொரு வரியையும் ரவுண்ட் ஆஃப் செய்து, பிறகு கூட்டும். அது சரியில்லை என்று, மொத்தத்தை மட்டும் ரவுண்ட் ஆஃப் செய்யும்படி மாற்றி எழுதினேன். கையோடு ரிப்போர்ட் திரையையும் புதிதாக்கினேன். அப்டேட் போன மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. "எஃப்7 அழுத்தினால் வருமே, அந்த ரிப்போர்ட் எங்கே?" என்று பலர். "போன வருஷ பில்லைத் திறந்தால் ஒரு ரூபாய் குறைகிறதே" என்று ஓரிருவர். எல்லாவற்றையும் பழையபடியே வைத்துவிடு என்கிறார் சீனியர். அப்படியே சேர்த்துக்கொண்டு போனால் கோடிங் குப்பையாகிவிடாதா? பழையதை எதுவரை சுமப்பது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

எஃப்7 கேட்டவர்கள் பலர், ஒரு ரூபாய் கேட்டவர்கள் ஓரிருவர் என்கிறீர்கள். நான் பயப்படுவது அந்த ஓரிருவரை நினைத்துத்தான். எஃப்7 போனது எல்லாருக்கும் உடனே தெரிந்துவிட்டது. திட்டினார்கள், நீங்கள் பதில் சொன்னீர்கள், முடிந்தது. ஒரு ரூபாய் குறைந்ததை யாருமே கவனிக்காத கடைகள் எத்தனையோ? பழையது வேண்டுமா புதியது வேண்டுமா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். மாறியிருக்கிறது என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரிகிறதா என்பது முதல் கேள்வி.

எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1-லிருந்து எண்ணும் நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. அதைத் திறந்து ஒரு செல்லில் 60 என்று அடித்து, தேதியாக மாற்றிப் பாருங்கள். 29-02-1900 என்று வரும். அப்படி ஒரு நாள் கிடையாது. 1900 லீப் வருடம் அல்ல. இந்தத் தவறு, எக்செலுக்கு முன்பே இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற ஸ்ப்ரெட்ஷீட் சாப்ட்வேர் காலத்தது. எக்செல் வந்தபோது சந்தை லோட்டஸ் கையில் இருந்தது. அதன் கோப்புகள் இங்கேயும் பிசகில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகத் மைக்ரோசாஃப்ட்காரர்கள் தெரிந்தே அந்தத் தவறையும் எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை திருத்தவில்லை. திருத்தினால் உலகத்தில் உள்ள ஷீட்டுகளில் ஏறக்குறைய எல்லாத் தேதிகளும் ஒரு நாள் பிசகிவிடும். இல்லாத ஒரு நாளை வைத்துக்கொள்வதில் நஷ்டம், 1900 மார்ச்சுக்கு முந்தைய தேதிகளுக்குக் கிழமை தப்பாக வருவது மட்டும்தான். அதைத் தேடிப் போகிறவர்கள் எத்தனை பேர்? நானாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

ஆனால் தொடாமலே இருப்பதும் பதிலில்லை. பட்டியலில் ஒரு பெயரைத் தேடி அதற்கு நேரான விலையை எடுத்துத் தரும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலா உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்காவதாக ஃபால்ஸ் என்று கொடுக்க மறந்தால், பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருப்பதாக அதுவே நினைத்துக்கொண்டு, கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக் கொடுத்துவிடும். வேட்டிக்குத் துண்டின் விலை வரும், பிழைச்செய்தி வராது. இது மோசமான ஏற்பாடு என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே அப்டேட்டில் சரி செய்திருக்கலாம். செய்யவில்லை, ஏனென்றால் வரி ஸ்லாப், கமிஷன் ஸ்லாப் என்று அந்தக் குணத்தையே நம்பி எழுதிய ஷீட்டுகளும் ஏராளம். அதனால் 2019-இல் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) என்று வேறு பெயரில் புதிதாக ஒன்றை அறிவித்தார்கள். அதில் எதுவும் கொடுக்காவிட்டால் சரியாகப் பொருந்துவதை மட்டும் தேடும். பழையது தன் குறையோடு அப்படியே இருக்கிறது. புதியதைப் பழைய எக்செலில் கொண்டுபோய்க் கணக்கிடச் சொன்னால் பெயர் தெரியவில்லை என்று பிழை காட்டி நிற்கும், தப்பான விடை தராது. எனக்குப் பிடித்த தோல்வி அது.

திரை விஷயத்தில் அவர்களே இவ்வளவு தயங்கவில்லை. 2007-இல் மெனுக்களைத் தூக்கிவிட்டு ரிப்பன் என்ற பட்டன் பட்டையை வைத்தபோது உலகமே திட்டியது. ஆனாலும் பழைய மெனுவின் ஆல்ட், இ, எஸ், வி என்ற விசை வரிசை இன்றும் வேலை செய்கிறது. மதிப்பை மட்டும் ஒட்டுவதற்கு அதைத் தவிர வேறெதையும் தொடாத கணக்காளர்கள் இருக்கிறார்கள். வீடு மாறிய பிறகும் பழைய விலாசத்துக்கு வரும் தபாலைப் புது வீட்டுக்குத் திருப்பிவிடுகிற மாதிரி. உங்கள் எஃப்7-க்கும் இது போதும். அந்த பட்டன் புதிய ரிப்போர்ட்டைத் திறக்கட்டும். பழைய திரையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. அந்த விஷயத்தில் உங்கள் சீனியர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பழையதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் எக்செலே சாட்சி. அதே 2007-இல் ஒரு ஷீட்டின் வரிகள் 65,536-லிருந்து 10,48,576 ஆக உயர்ந்தன. பழைய எக்ஸ்.எல்.எஸ் கோப்பு வகையும் அதே 65,536 வரி எல்லையோடு தொடர்ந்தது. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளை அந்தப் பழைய வகைக்குள்தான் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒருவருக்கே பல வரிகள். வரிகள் தீர்ந்ததும் மீதி விழுந்துபோனது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. கோப்பு நிறைந்துவிட்டது என்று அந்த ஏற்பாட்டில் ஏதாவது ஒன்று கத்தியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பழையதை விடாமல் வைத்திருப்பவருக்கு, அதன் எல்லை வரும்போது எச்சரிக்கும் கடமையும் உண்டு. அதை நாம் யாரும் செய்வதில்லை.

இப்போது உங்கள் ஒரு ரூபாய். நீங்கள் எழுதிய புதிய முறையில் எனக்குக் குறை தெரியவில்லை. அது பின்னோக்கிப் பாய்ந்ததுதான் தவறு. அந்த பில் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது, அந்தத் தொகையோடு ஜி.எஸ்.டி ரிட்டர்னும் போயாகிவிட்டது. இனி அது உங்கள் சாப்ட்வேரின் கணக்கல்ல, கடைக்காரரின் ஆவணம். திறக்கும்போதெல்லாம் மறுபடி கூட்டிப் பார்க்கிற உரிமை சாப்ட்வேருக்கு இல்லை. பில் போடுகிற அன்றே மொத்தத்தை டேபிளில் எழுதி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது, இனியாவது எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள பில்களுக்கு எந்த ரவுண்ட் ஆஃப் விதி என்று குறிக்க டேபிளில் ஒரு பத்தி (column) சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய விதி ஏப்ரல் 1 முதல், புது பில் நம்பர் வரிசையோடு தொடங்கட்டும். பழைய விதியைத் தனி ஃபங்ஷனாக எடுத்து வைத்து, பழைய பில்களை அதில் ஓட்டி அச்சான தொகையோடு பைசா பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றை எழுதிவிடுங்கள். நாளைக்குப் புதிதாக வேலைக்குச் சேரும் பையன் அதைச் சுத்தம் செய்யப் புறப்பட்டால் டெஸ்ட் தடுக்கும்.

குப்பையாகிவிடாதா என்கிறீர்கள். சில வரிகள்தானே. குப்பை சேர்வது எதை ஏன் வைத்திருக்கிறோம் என்று எழுதி வைக்காதபோது. இதற்குக் காலக்கெடுவும் சட்டத்திலேயே இருக்கிறது: ஜி.எஸ்.டி கணக்குகளை, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதுவரை பழைய விதி இருந்தாக வேண்டும். வழக்கு, மேல்முறையீடு என்று ஏதாவது இருந்தால் அதற்கு மேலும். இந்தத் தேதியை அந்த ஃபங்ஷனின் தலையில் கமென்டாகப் போடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. அப்டேட்டுக்குப் பிறகு பழைய பில்லைத் திறந்து மறுபடி அச்செடுத்த கடைகள் எவை என்று எடுத்து, நீங்களே போன் செய்யுங்கள். ஒரு ரூபாய்தானே என்று அவர்களே சொல்லக்கூடும். அவர்களுடைய ஆடிட்டர் சொல்ல மாட்டார்.