கோவன் கழற்றிக் குத்திய ரிப்பன்

கேள்வி: மானெக்‌ஷா உடம்பில் பாய்ந்தது ஏழு குண்டா, ஒன்பது குண்டா? செத்துவிடுவார் என்று நினைத்து அவசர அவசரமாக மெடல் குத்தினார்கள் என்பதெல்லாம் வாட்ஸ்அப் கதைதானே? (வாசகர், திருப்பூர்)

பின்னாளில் இந்திய ராணுவத் தளபதியாகி, ஃபீல்டு மார்ஷல் பட்டமும் பெற்ற சாம் மானெக்‌ஷாவின் கதை இது. குண்டு ஏழு என்பவர்களும் உண்டு, ஒன்பது என்பவர்களும் உண்டு. வயிற்றில் மெஷின் கன் குண்டு பாய்ந்த ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு எண்ணிப் பார்க்க ஏது நேரம்? ஆனால் மெடல் விஷயம் வாட்ஸ்அப்புக்கு ரொம்ப முன்னாலிருந்தே சொல்லப்படுகிறது.

1942 பிப்ரவரி 22, பர்மாவில் சிட்டாங் ஆறு. ஜப்பான் படை ரங்கூனை நோக்கி வருகிறது, அதற்குக் குறுக்கே பெரிய தடை என்று மிச்சமிருந்தது இந்த ஆறுதான். அதன்மேல் ஒரே ஒரு ரயில் பாலம், லாரிகள் போவதற்காகத் தண்டவாளத்துக்கு மேலேயே பலகை அடித்து வைத்திருந்தார்கள், அந்த ஒற்றைப் பாலத்தில்தான் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 17வது டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட படை) மொத்தமும் பின்வாங்கி வரவேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில் பகோடா குன்று. அது எதிரி கையில் இருந்தால் பாலத்தைக் காப்பாற்ற முடியாது. குன்றைப் பிடிக்கப் போன கம்பெனிக்குத் தலைமை, 12வது ஃபிரண்டியர் ஃபோர்ஸ் ரெஜிமெண்ட்டின் 4வது பட்டாலியனைச் சேர்ந்த 27 வயது கேப்டன், அமிர்தசரஸில் டாக்டராக இருந்த ஒரு பார்சியின் மகன், அவர்தான் மானெக்‌ஷா. கம்பெனியில் பலர் விழுந்தும் விடாமல் ஏறிக் குன்றைப் பிடித்தார்கள். அங்கேதான் அவருக்கு வயிற்றில் அடி.

அப்போது 17வது டிவிஷனின் உயர் அதிகாரி டேவிட் கோவன் இவர் கிடந்த கிடையைப் பார்த்தார். ஆள் தேறமாட்டான் என்று தோன்றியிருக்கிறது. தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி இவர் சட்டையில் குத்திவிட்டார். வெள்ளை, நடுவில் ஊதா, மறுபடி வெள்ளை, விரல் நீளத் துணி, அவ்வளவுதான். இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, அது புரிந்தால்தான் கோவன் செய்தது புரியும்: அன்றைய பிரிட்டிஷ் விதிப்படி செத்தவருக்கு மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுக்கலாம், மிலிட்டரி கிராஸ் கொடுக்கக் கூடாது. உயிர் இருக்கும்போதே கொடுத்தால்தான் உண்டு. ஆக, அது பாராட்டு விழா இல்லை, ஒருவகையில் வாய்க்கரிசி. பிழைத்து வந்ததால் ஏப்ரலில் கெஜட்டிலும் முறைப்படி அறிவித்தார்கள்.

பிழைக்க வைத்தது ஷேர் சிங் என்ற சிப்பாய், இவருடைய ஆர்டர்லி, அதாவது உதவியாள். தூக்கிச் சுமந்து கொண்டுபோய் ஓர் ஆஸ்திரேலிய சர்ஜனிடம் சேர்த்தார். இந்த ஆள் தாங்கமாட்டான் என்று சர்ஜன் கைவிட்டபோதும் ஷேர் சிங் நகரவில்லை, மல்லுக்கு நின்றார். நினைவு திரும்பியதும் சர்ஜன் என்ன ஆயிற்று என்று கேட்க, 'கோவேறு கழுதை உதைத்துவிட்டது' என்றாராம் மானெக்‌ஷா. இந்த நிலையிலும் ஜோக் அடிக்கிறானே என்று கத்தியை எடுத்தார் சர்ஜன். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என்று எல்லா இடத்திலிருந்தும் குண்டை எடுத்து, குடலிலும் ஒரு பகுதியை வெட்டி எறிந்தார். எல்லாரும் கழுதை ஜோக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு ஷேர் சிங்கின் பிடிவாதம்தான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: அவ்வளவு ரத்தம் சிந்திக் காப்பாற்றிய பாலம் என்ன ஆனது? (வாசகி, காரைக்குடி)

மறுநாள் விடிகாலை நம் பக்கத்து ஆட்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்! ஜப்பான்காரன் கையில் முழுசாகக் கிடைத்துவிடக் கூடாதே என்ற பயம். டிவிஷனின் இரண்டு பிரிகேடுகளில் பெரும்பகுதி அப்போது அக்கரையில். நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், மூங்கிலைக் கட்டி மிதந்தவன் மிதந்தான், பலர் கரை சேரவில்லை. மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பங்களைக் கேட்டால், அந்த வருஷத்தின் இன்னொரு பாதியைச் சொல்வார்கள்.

கேள்வி: தளபதி ஆகும் முன் எந்தப் பட்டாலியனை நடத்தினார்? (மாணவர், வேலூர்)

எதையும் இல்லை. 1947-ல் பிரிவினையில் அவருடைய ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது, இவர் கூர்க்காப் படைக்கு மாற்றப்பட்டார், ஆனால் காஷ்மீர் சண்டை மூண்ட நேரம் என்பதால் டெல்லியில் ராணுவ நடவடிக்கைப் பிரிவிலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். காலாட்படை அதிகாரிக்குப் பட்டாலியன் என்பது சொந்த வீடு மாதிரி. அது கிடைக்காமலேயே பிரிகேடுக்குப் போனார்.

கேள்வி: பாகிஸ்தானுடனான 1971 போரின் வெற்றி நாயகன் என்கிறோம். 1962-ல் இவர் மேலேயே விசாரணை நடந்தது என்று படித்தேன். உண்மையா? (வாசகர், சேலம்)

உண்மை. அப்போது வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் கமாண்டன்ட், அதாவது நம் நீலகிரியில்தான் இருந்தார். மேலிடத்துக்குப் பிடிக்காத வாய். தேசப்பற்று குறைவு என்ற தினுசில் புகார், விசாரணை, கடைசியில் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு. அதற்குள் வடகிழக்கில் சீனாவிடம் நம் படை சிதறிவிட்டது. யாரை ஓரங்கட்டினார்களோ அவரையே அசாமிலுள்ள தேஜ்பூருக்கு அனுப்பி 4வது கோர் என்ற பெரும்படையை ஒப்படைத்தார்கள். போன உடனே போட்ட உத்தரவு: எழுத்து மூலம் உத்தரவில்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு ஒருநாளும் வராது.

இதை வீர வசனமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்வாங்குகிற படை ஒரு பாலத்தடியில் எப்படிச் சின்னாபின்னமாகும் என்பதை 20 வருஷத்துக்கு முன் பக்கத்திலிருந்து பார்த்தவர் போட்ட உத்தரவு அது. 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தான்மேல் உடனே படையெடுக்கச் சொன்னபோது மழைக்காலம் வருகிறது, தயாராக அவகாசம் வேண்டும் என்று இந்திரா காந்தியிடமே சொன்னாரே, அதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். டிசம்பரில் பதின்மூன்றே நாளில் முடிந்தது.

கேள்வி: ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாதாமே, சம்பளம் உண்டா? (வாசகர், கோவை)

ராணுவத்தின் மிக உயர்ந்த பட்டம் அது. ஆயுளுக்கும் நீடிக்கும், முழுச் சம்பளமும் உண்டு. ஆனால் 1973-ல் கொடுத்த பட்டத்துக்கான பாக்கி 1.3 கோடி ரூபாய் கைக்கு வந்தது 2007-ல், ஆஸ்பத்திரிப் படுக்கையில். நம் பென்ஷன் ஆபீஸ் பெஞ்சில் காத்திருக்கிற தாத்தாக்களுக்கு இது ஆறுதலா, கோபமா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அவர் சமாதி எங்கே இருக்கிறது? டெல்லியிலா? (வாசகி, திண்டுக்கல்)

ஊட்டியில். பார்சி என்றால் உடலை அமைதிக் கோபுரத்தில் வைப்பார்கள் என்று நினைப்போம், ஊட்டியில் அவர்களுக்கு அடக்கத் தலமே உண்டு. ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் 94 வயதில் காலமானார். டெல்லியிலிருந்து பெரிய தலைகள் வரவில்லை என்ற மனக்குறை இன்றும் பலருக்கு இருக்கிறது. மனைவி சில்லூவின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.