கோல்ஃப் பந்தை நினைத்த பக்கம் வளைப்பது எப்படி? கேள்வி பதில்

எல்லாப் பதில்களும் வலது கையால் ஆடுபவர்களுக்கு. இடது கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிரா (இடப்புறம் வளையும் அடி), ஃபேட் (வலப்புறம் வளையும் அடி) இரண்டையும் கற்க எங்கே தொடங்குவது?

பதில்: கிளப்பின் (அடிக்கும் கோலின்) முகத்தில், அதாவது பந்தில் படும் பரப்பில். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது. அப்புறம் எந்தப் பக்கம் வளையும் என்பது, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வீசிவரும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. டிராவுக்குப் பாதங்களையும் தோள்களையும் இலக்குக்கு வலப்புறமாக வைத்து, அந்தக் கோட்டிலேயே வீசுங்கள். முகம் அந்தக் கோட்டுக்கும் இலக்குக்கும் நடுவே பார்க்கட்டும். பந்து வலப்புறம் புறப்பட்டு இடப்புறம் திரும்பி வரும். ஃபேடுக்கு எல்லாம் நேர்மாறு. முகத்தைத் திருப்பி வைத்த பிறகே கிரிப்பைப் பிடியுங்கள். அடிக்கும் நேரத்தில் மணிக்கட்டை உருட்டாதீர்கள்.

கேள்வி: என் பயிற்சியாளர் முகத்தை இலக்கிலும் பாதங்களை வலப்புறமும் வைக்கச் சொன்னார். பந்து பாதங்களின் திசையில் புறப்பட்டு முகத்தின் திசைக்குத் திரும்புமாம். நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்களே?

பதில்: ஆமாம், வேறுதான். பல தலைமுறைகள் அவர் சொன்னபடிதான் கற்றன. ரேடார் கருவிகள் வந்து அளந்த பிறகு தெரிந்தது: புறப்படும் திசையில் முகத்தின் பங்கு டிரைவரில் (நீண்ட தூரத்துக்கான கிளப்) சுமார் 85 சதவீதம், அயர்னில் (அதைவிடக் குறைந்த தூரத்துக்கான கிளப்) சுமார் 75. அவர் முறையில் பந்து கிட்டத்தட்ட இலக்கை நோக்கியே கிளம்பி, அதைத் தாண்டி இடப்புறம் போய்விடும். குறுக்கே மரம் இருந்தால் மரத்தில்தான் படும்.

கேள்வி: (அதே வாசகர்) எனக்குப் பல முறை பலித்திருக்கிறதே?

பதில்: பலித்தபோதெல்லாம், அடிபடும் கணத்தில் முகம் சற்று வலப்புறம் திறந்திருக்கும். கை உணர்வது ஒன்று, கிளப் செய்வது வேறு. இலக்குக் கோட்டில் 10 கெஜம் முன்னால் ஒரு குச்சி நட்டு அடித்துப் பாருங்கள்.

கேள்வி: மணிக்கட்டை உருட்டினால் டிரா சுலபமாக வருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். உருட்டாதீர்கள்.

கேள்வி: 2012 மாஸ்டர்ஸ் போட்டியின் பிளேஆஃபில் (சமநிலையை முறிக்கும் ஆட்டம்) பப்பா வாட்சன் வெட்ஜால் (பந்தை உயரத் தூக்கும் கிளப்) அவ்வளவு வளைத்தது எப்படி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த ஷாட். போட்டி நடந்த அகஸ்டா மைதானத்தின் 10ஆவது குழி, மரங்களுக்கு நடுவே பைன் சருகின் மேல் பந்து. இடது கைக்காரர் என்பதால் அவருடைய ஹூக் (டிராவைவிடக் கூடுதலாக வளையும் அடி) வலப்புறம் வளைந்து கிரீனில் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) இறங்கியது. லாஃப்ட் (முகத்தின் சாய்வு) கூடினால் பின்சுழற்சி மிகுந்து வளைவு குறையும். அதனால்தான் வெட்ஜில் அது அபூர்வம். முகத்தை நன்றாக மூடினால் (வளைய வேண்டிய பக்கம் திருப்பினால்) லாஃப்டும் குறையும், வளைவும் கூடும். நீங்கள் 6 அயர்னில் பழகுங்கள்.

கேள்வி: அடர்ந்த புல்லிலிருந்து?

பதில்: வேண்டாம். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்கினால் சுழற்சி குறைந்துவிடும்.

கேள்வி: டிரைவரில் எல்லாம் சரியாக வைத்தும் வளைவு மாறுகிறது.

பதில்: முகத்தில் பவுடர் தூவி அடித்து, பந்து படும் இடத்தைப் பாருங்கள். முகத்தின் நுனியில் பட்டால் டிரா பக்கம் இழுக்கும், கோலின் தண்டை ஒட்டிய குதிகாலில் பட்டால் ஃபேட் பக்கம்.

கேள்வி: மணிக்கட்டைக் கொஞ்சமாக உருட்டலாமா?

பதில்: கொஞ்சமும் வேண்டாம்.

கேள்வி: முழங்கை வலிக்கிறது, என்ன செய்வது?

பதில்: மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: (பயிற்சியாளர் முறையைச் சொன்னவர்) குச்சி நட்டு அடித்தேன். பந்துகள் குச்சியை ஒட்டியே போய், இலக்குக்கு இடப்புறம் இறங்கின.

பதில்: சோதித்துப் பார்த்ததற்கு நன்றி. பாதங்களை நகர்த்தாமல் முகத்தை மட்டும் சற்று வலப்புறம் திருப்பி இன்னும் 10 பந்து அடியுங்கள். எங்கே இறங்கின என்று எழுதுங்கள்.