தவணை முடிவதற்குள் இன்னொரு தவணையா?

கேள்வி: பாளையங்கோட்டையில் தனியார் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 44. சம்பளம் கைக்கு 72,000 ரூபாய் வருகிறது. மனைவி டியூஷன் எடுத்து 15,000 வரை சம்பாதிக்கிறார். வீட்டுக் கடன் தவணை 21,500. 2020-இல் வாங்கிய பெட்ரோல் காருக்கு மாதம் 11,800 கட்டுகிறேன். இன்னும் இரண்டே தவணைதான். 2012-க்குப் பிறகு இது இரண்டாவது கார். அடுத்து மின்சார கார் வாங்க முன்பணம் கட்டிவிட்டேன். ஆன்-ரோடு விலை 16 லட்சம். பிளஸ் 2 படிக்கும் மகளுக்காகப் போட்டிருந்த வைப்புத்தொகையிலிருந்து 4 லட்சம் எடுக்கிறேன். மீதி 12 லட்சத்தை வீட்டுக் கடனில் டாப்-அப்பாக, அதாவது அதே வீட்டின் பேரில் கூடுதல் கடனாக, 8.75 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு வங்கி தருகிறது. தவணை 12,000-தான் வரும். பழைய காரை மனைவியின் தம்பி 3 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். சீட்டு எடுத்ததும் பணம் தருவார். மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டுவேன். ஆண்டுக்கு மூன்று முறை சென்னை போய்வருவேன்.

மின்சார கார் 79 சதவீதம் அதிகமாகப் பழுதாகிறது என்று ஒரு நண்பர் செய்தி அனுப்புகிறார். பெட்ரோல் கார் நிற்பதில் பாதிகூட மின்சார கார் நடுவழியில் நிற்பதில்லை என்று இன்னொருவர் அனுப்புகிறார். பழைய காரையே வைத்துக்கொண்டால் எத்தனால் கலந்த பெட்ரோல் இன்ஜினைக் கெடுத்துவிடும் என்கிறார் மெக்கானிக். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. எதை நம்புவது?

பதில்: நண்பர்கள் அனுப்பிய இரண்டு கணக்குகளும் உண்மைதான். 79 சதவீதம் என்பது அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2023-இல் சொன்னது. அது கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டு எடுக்கும் கணக்கு. திரை உறைந்துபோனது, கதவுக் கைப்பிடி வெளியே வரவில்லை, சார்ஜ் ஏறவில்லை என்று அவர்கள் சொல்லும் குறையெல்லாம் அதில் சேரும். அடுத்த ஆண்டே அதே அமைப்பு 42 சதவீதம் என்றது. இன்னொன்று ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. மோட்டார் சங்கம் தருவது. வழியில் நின்றுபோய் உதவிக்குக் கூப்பிட்ட வண்டிகளை மட்டும் அவர்கள் எண்ணுகிறார்கள். 2020 முதல் 2022 வரை பதிவான கார்களில், 2024-இல் ஆயிரத்துக்கு 4.2 மின்சார கார்களும் 10.4 பெட்ரோல், டீசல் கார்களும் அப்படி நின்றன. இரண்டு வகையிலும் வண்டி நிற்க முதல் காரணம் ஒன்றேதான்: பேனட்டுக்குள் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈ.வி.6 கார்களை 2024-இல் இந்தியாவிலும் திரும்ப அழைத்தார்களே, அதுவும் அந்தச் சின்ன பேட்டரிக்கு மின்சாரம் தரும் மின்னணுப் பெட்டியின் கோளாறுக்காகத்தான்.

ஆக, மின்சார கார் தொட்டதற்கெல்லாம் நின்றுபோகும் வண்டி அல்ல. இந்தச் சண்டையை நண்பர்களிடமே விட்டுவிடுங்கள். பணம் சம்பந்தப்பட்டவரை, பழுதின் செலவு எப்போது வருகிறது, யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் காரில் கிளட்ச், பெல்ட், ஆயில் என்று சில்லறைச் செலவு வந்துகொண்டே இருக்கும். மின்சார காரில் பல ஆண்டுகளுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. பெரிய பேட்டரியில் கோளாறு வந்தால் மொத்தமாகச் சில லட்சம் கேட்கும். இங்கே பல நிறுவனங்கள் அந்தப் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதுவரை செலவு நிறுவனத்துடையது, அதன்பிறகு உங்களுடையது.

இப்போது உங்கள் டாப்-அப்பைப் பாருங்கள். 15 ஆண்டுக் கடன். மாதம் 12,000 என்றால் 180 மாதத்தில் 21.6 லட்சம் கட்டுகிறீர்கள். அதில் வட்டி மட்டும் 9.6 லட்சம். எட்டாம் ஆண்டு முடிவில், பேட்டரி உத்தரவாதம் தீரும் அன்று, வங்கிக்கு இன்னும் சுமார் 7.5 லட்சம் பாக்கி இருக்கும். எட்டு வயதான, உத்தரவாதம் இல்லாத ஒரு மின்சார காருக்குச் சந்தையில் அந்த விலை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் பேட்டரி மக்கர் செய்தால் பழைய கடனோடு புதுக் கடனும் சேரும். போதாக்குறைக்கு அடமானத்தில் இருப்பது கார் அல்ல, நீங்கள் குடியிருக்கும் வீடு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இல்லை என்று நினைக்கிறேன். 11,800 கட்டிக்கொண்டிருந்த கைக்கு 12,000 பெரிதாகத் தெரியவில்லை. முதல் கார்க் கடன் முடியும்போது இரண்டாவது கார், இரண்டாவது முடியும்போது மூன்றாவது. 2012-இலிருந்து ஒரு மாதமாவது கார்த் தவணை இல்லாமல் சம்பளம் வாங்கியிருக்கிறீர்களா? உங்கள் கேடு இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. வண்டி மின்சாரத்தில் ஓடினாலும் பெட்ரோலில் ஓடினாலும் இது மாறப்போவதில்லை.

எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாமே என்பீர்கள். சரி, அதையும் போட்டுப் பார்ப்போம். சென்னைப் பயணத்தையும் சேர்த்தால் உங்கள் ஓட்டம் மாதம் சராசரியாக ஆயிரம் கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் செலவு 6,700. மின்சார காரில் வீட்டில் ஏற்றுவது நூறு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே போகும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண அடுக்கு மாறிவிடும் என்பது தெரிந்ததே; உங்கள் வீட்டில் ஏ.சி. இருந்தால் காருக்கான யூனிட்டெல்லாம் எட்டு, ஒன்பது ரூபாய்க்குத்தான் போகும். அது ஒரு 950. சென்னை வழியில் பொதுச் சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு ஆயிரம். ஆக மொத்தம் 2,000-க்குள். பராமரிப்பில் மிஞ்சுவதையும் தாராளமாகச் சேர்த்தால் மாதம் 5,000 ரூபாய் மிச்சம். அந்த 5,000-க்காக 12,000 கட்டப்போகிறீர்கள். மகளின் 4 லட்சமும் போகிறது. டாப்-அப் வேண்டாம், ஏழு ஆண்டு கார்க் கடனே எடுக்கிறேன் என்றால் 9 சதவீத வட்டியில் தவணை 19,300 வரும். அப்போதாவது கடன் உத்தரவாதத்துக்குள் முடியும். ஆனால் அந்தத் தவணையை உங்கள் குடும்ப வரவு தாங்காது.

ஷோரூமில் இன்னும் இரண்டு ஆசை காட்டுவார்கள். ஒன்று, கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரிச் சலுகை. வருமான வரிச் சட்டத்தின் அந்த 80ஈஈபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்தான். அந்தக் கதவு மூடிப் பல நாளாயிற்று. கார் வாங்க எடுத்த டாப்-அப்புக்கு வீட்டுக் கடன் வட்டிச் சலுகையும் கிடையாது. இரண்டாவது, பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டம். எம்.ஜி. விண்ட்சர் மின்சார கார் 2024-இல் வந்தபோது கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்றார்கள். உங்கள் ஓட்டத்துக்கு வாடகை 3,500, சார்ஜ் 2,000, மொத்தம் 5,500. பெட்ரோலுக்கு 6,700. இந்த ஆயிரத்துச் சொச்சத்துக்காகப் பத்து லட்ச ரூபாய்க் கார் வாங்க வேண்டுமா? புது மாதிரித் திட்டம் என்றாலே எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். இதில் அது வீண் போகவில்லை.

மாதம் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர், சொந்தப் போர்ட்டிகோவில் சார்ஜர் வைக்க வசதி உள்ளவர், பாதிப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

எத்தனால் பயம் கொஞ்சம் நியாயமானதுதான். 2020 வண்டி 20 சதவீதக் கலப்புக்கென்று செய்யப்பட்டதல்ல. மைலேஜ் சற்றுக் குறையும். எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய், கேஸ்கெட் போன்றவற்றைச் சீக்கிரம் மாற்ற வேண்டி வரலாம். சர்வீஸின்போது அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சில ஆயிரத்தில் முடியும் வேலைக்கு 16 லட்சம் மருந்தாகாது.

மைத்துனர் விஷயத்துக்கு வருவோம். சீட்டு எடுத்ததும் தருகிறேன் என்ற பணம் எந்தத் தேதியில் வரும் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பணம் வராமல் பெயர் மாற்ற மாட்டீர்கள். வண்டியோ அவர் கையில் ஓடும். விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கில் ஆர்.சி.-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் பொறுப்பாளி ஆக்குவார்கள்; 2018-இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காப்பீடு காலாவதியாகியிருந்தால் உங்கள் சம்பளத்துக்கே கேடு. புதுக் கார் வாங்கவில்லை, அதனால் பழையதை விற்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். மனைவியை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். நீங்களே போனில் பேசுங்கள். நான்கு நாள் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் விடுபடும் அந்த 11,800-ஐ, கடைசித் தவணை போன அடுத்த மாதத்திலிருந்தே தொடர் வைப்பில் போடுங்கள். சம்பளம் விழும் தேதியிலேயே தானாகப் பிடிக்கும்படி வைத்துவிடுங்கள். கையில் வந்தால் நிற்காது. மூன்று ஆண்டில் வட்டியோடு நாலரை லட்சத்துக்கு மேல் சேரும். மகளின் 4 லட்சத்தைத் தொட வேண்டாம். கல்லூரிச் சேர்க்கை சில மாதத்தில் வந்து நிற்கும். மூன்று ஆண்டு கழித்து இதே காரை மாற்றிக்கொடுத்தால் வரும் தொகையும் இந்தச் சேமிப்பும் கையில் இருக்கும்போது, அன்றைய விலையில் மின்சார காரைப் பாருங்கள். கடன் எடுத்தாலும் நான்கு ஆண்டுக்கு மேல் வேண்டாம்.

டாப்-அப் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பணம் இன்னும் வழங்கப்படவில்லை என்றால் நிறுத்தலாம். செயலாக்கக் கட்டணம் திரும்ப வராமல் போகலாம், போகட்டும். காருக்குக் கட்டிய முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலையிலேயே கிளைக்குப் போய், கடன் வேண்டாம் என்று எழுத்துமூலம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.