இரவெல்லாம் படித்தும் மறந்துபோகிறதே!

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறேன். செமஸ்டர் நெருங்கினால் காபி குடித்துக்கொண்டு இரவு 2 மணி வரை விழிக்கிறேன். காலையில் சாப்பிட நேரமில்லை. தேர்வறையில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. என்ன செய்வது?
— வாசகி, திருச்சி

பதில்: படித்ததை மூளை நிலைநிறுத்துவது பெருமளவு உறக்கத்தில்தான் அம்மா. அதை வெட்டினால் உங்கள் உழைப்புதான் வீணாகிறது. உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை. காபியில் உள்ள, விழிக்க வைக்கும் கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரமாகும். இரவு 10 மணிக்குக் குடித்ததில் பாதி அதிகாலை 3 மணிக்கும் உள்ளே இருக்கும். படுத்தாலும் உறக்கம் ஆழமாகாது. கடைசிக் காபி பிற்பகல் 2 மணிக்குள் முடியட்டும்.

படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றினால் புரண்டுகொண்டுதான் கிடப்பீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். 18 நாளில் 2 மணி, 11 மணியாகிவிடும். எழும் நேரம் மட்டும் ஞாயிறன்றும் மாறக் கூடாது.

காலையில் மெஸ் இட்லியுடன் அவித்த முட்டையோ சுண்டலோ சேருங்கள். காபி, டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். உணவோடு குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. நன்றாக உறங்கியும் சோர்வு நீடித்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.