சட்டம் போட்டாயிற்று, அமல்படுத்துவது யார்?

கனடாவில் பூர்வகுடியினருக்கான நீதிச் சீர்திருத்தப் பணி பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கொள்கை வழக்கறிஞர் என்றால் கோர்ட்டுக்கே போகாத வக்கீல் என்கிறார்கள். அப்படியானால் அவருக்கு என்னதான் வேலை? (சட்டக் கல்லூரி மாணவி)

எழுதுகிற வேலை. மசோதா வரைவு, போலீஸ் ஒப்பந்தம், நிதி விண்ணப்பம், அமைச்சருக்கான குறிப்பு. குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டினால் படிக்க ஆளிருக்காது. என்ன முடிவு வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு பின்னணி, இரண்டு மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு. புதிதாக வருபவர்கள் சட்ட வாதத்தை முன்னால் நிறுத்திவிட்டு, செலவைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைப்பார்கள். நிதித்துறை அந்தப் பத்தியைத்தான் முதலில் தேடும்.

ஒரு விவரம் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். மசோதா தயாரிக்கும் கட்டத்தில் பூர்வகுடியினரைக் கலந்தாலோசிக்கும் கடமை அமைச்சர்களுக்கு இல்லை என்று 2018இல் மிக்கிசூ கிரீ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2021இல் வந்த, பூர்வகுடி உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஃபெடரல் (மத்திய அரசின்) சட்டங்கள் பிரகடனத்துக்கு ஒத்துப்போவதற்கான நடவடிக்கைகளைப் பூர்வகுடியினருடன் கலந்து எடுக்கச் சொல்கிறது. வரைவு இன்னும் மேசையில் இருக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிவை. மசோதா நாடாளுமன்றத்துக்குப் போன பிறகு கமிட்டியில் சில நிமிடம் பேசி மாற்றிவிடலாம் என்று நம்பி உட்கார்ந்திருப்பது வீண்.

கேள்வி: ‘கிளாடூ’ என்பது பூர்வகுடியினருக்குத் தண்டனையில் தள்ளுபடிதானே? (ஆசிரியர் ஒருவர்)

இல்லை. குற்றவியல் சட்டம் 718.2(இ) பிரிவு 1996இல் வந்தது. சிறைக்கு மாற்றாக நியாயமான வழி உண்டா என்று எல்லாக் குற்றவாளிகளுக்கும் பார்க்க வேண்டும், பூர்வகுடியினர் விஷயத்தில் அவர்களுடைய சூழ்நிலையைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பதே அது. 1999இல் கிளாடூ தீர்ப்பு அதை விளக்கியது. பின்னணிக்கும் குற்றத்துக்கும் நேரடிக் காரணத் தொடர்பை நிரூபிக்கத் தேவையில்லை, கடுமையான குற்றங்களுக்கும் இது பொருந்தும் என்று 2012இல் இபீலி தீர்ப்பு தெளிவாக்கியது. 2019 முதல் ஜாமீனுக்கும் இதேபோன்ற கடமை இருக்கிறது; பிரிவு 493.2. இவ்வளவு இருந்தும், மக்கள்தொகையில் சுமார் 5 சதவீதமான பூர்வகுடியினர் ஃபெடரல் சிறைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பெண் கைதிகளில் பாதியளவு.

எங்கே சறுக்குகிறது? தண்டனைக்கு முன் குற்றவாளியின் பின்னணியையும் மாற்று வழிகளையும் நீதிபதிக்குச் சொல்லும் கிளாடூ அறிக்கையில். உறைவிடப் பள்ளி (பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த பள்ளி), வளர்ப்பு வீடு, குடும்பம் சிதறியது என்று பத்துப் பக்கம் இருக்கும். மாற்று வழி அரைப் பக்கம்தான் இருக்கும். ‘சிகிச்சை பெறலாம்’ என்று எழுதினால் நீதிபதியின் கையில் ஒன்றுமில்லை. எந்த மையம், எந்தத் தேதியில் படுக்கை காலியாகும், யார் கூட்டிப்போவார்கள், இடைப்பட்ட நாட்களில் எங்கே தங்குவார் என்பதெல்லாம் மையத்தின் கடிதத்தோடு வர வேண்டும்.

இன்னொரு முரணும் உண்டு. வேலையின்மை, நிலையான வீடு இல்லாமை எல்லாம் கிளாடூ அறிக்கையில் தண்டனையைத் தணிக்கும் காரணங்கள். அதே விவரங்கள் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் ‘ஆபத்து அதிகம்’ என்ற மதிப்பெண்ணாக மாறிவிடும். இப்படிப்பட்ட மதிப்பீட்டுக் கருவிகள் பூர்வகுடியினருக்குச் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்காமலே பயன்படுத்தியதற்காக, 2018இல் ஈவர்ட் வழக்கில் சிறைத்துறை சட்டப்படியான கடமையை மீறியதாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொள்கை வழக்கறிஞருக்கு இது நல்ல பிடிமானம்.

கேள்வி: ஒரு ஃபர்ஸ்ட் நேஷனில் (பூர்வகுடிச் சமூகத்தில்) வேலை பார்க்கிறேன். போதைப்பொருள் விற்க வரும் வெளியாட்களைத் தடுக்கத் துணைச்சட்டம் (சமூகத்தின் கவுன்சில் தன் எல்லைக்குள் போடும் விதி) கொண்டுவந்தார்கள். இரண்டு வருடமாகியும் ஒரு வழக்குகூட இல்லையே? (இளம் வழக்கறிஞர்)

நாடு முழுக்க இதே புலம்பல்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் துணைச்சட்டம் அமலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2014 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் அமைச்சர் அதை ரத்து செய்ய முடியாது. ஆனால் இந்தியன் சட்டம் (பூர்வகுடியினர் பற்றிய கனடாவின் சட்டம், இந்தியாவுடையது அல்ல) 86ஆம் பிரிவின்படி வெளியிட்டாக வேண்டும்: இணையதளம், ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் கெசட் அல்லது செய்தித்தாள். முதலில் வெளியான நாளிலிருந்தோ, துணைச்சட்டமே குறிப்பிடும் பிந்தைய தேதியிலிருந்தோதான் உயிர். தேதி தெரியும் பக்கத்தின் நகல், சான்றளித்த பிரதி, கூட்டக் குறிப்பு, கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) விவரம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். இல்லையேல் வழக்கு முதல் நாளே விழுந்துவிடும்.

அடுத்து வாசகம். அத்துமீறி நுழைவோரை வெளியேற்ற 81ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அபராதம் அதிகபட்சம் 1,000 டாலர், சிறை 30 நாள். ‘விரும்பத்தகாத நபர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் உரிமைச் சாசன வாதத்தில் தாக்குப்பிடிக்காது. என்ன செயல், எழுத்து மூலம் நோட்டீஸ், பதில் சொல்ல எத்தனை நாள், அவசரத்தில் வெளியேற்றினால் பிறகு எப்போது விசாரணை என்று வரிவரியாக இருக்க வேண்டும். மதுவைத் தடை செய்வதாக இருந்தால் பிரிவே வேறு, 85.1, அதற்குச் சிறப்புக் கூட்டத்தில் வாக்களித்த வாக்காளர்களின் பெரும்பான்மை தேவை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வழக்கு வராமல் போவதுண்டு. ‘அரசு வழக்கறிஞர் எடுக்காத கேஸை நாங்கள் ஏன் போட வேண்டும்’ என்று போலீஸ் கேட்கும். ஃபெடரல் வழக்கறிஞர் மாகாணத்தைக் கைகாட்டுவார், மாகாணம் ஃபெடரலைக் கைகாட்டும். ஆகவே நிறைவேற்றும் முன்பே உள்ளூர் போலீஸ் நிலையத்தோடும் வழக்கு நடத்தும் அலுவலகத்தோடும் எழுத்துபூர்வ உடன்பாடு வாங்கிவிடுங்கள். எந்தப் பிரிவை யார் அமல்படுத்துவார், சாட்சியக் கோப்பை எந்த வடிவில் தர வேண்டும், தொடர்பு அலுவலர் மாறினால் என்ன செய்வது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் விட்டுப்போவது. புது அதிகாரி வந்தால் பழைய வாக்குறுதி காற்றோடு போய்விடும். உடன்பாடு அமையாவிட்டால் கவுன்சில் தானே தனிவழக்குத் தொடுக்கலாம். செலவு கவுன்சில் தலையில்.

கேள்வி: சொந்த போலீஸ் வைத்துக்கொண்டால் தீராதா? (அதே வாசகர்)

அங்கே தொல்லை பணம். பூர்வகுடி போலீஸ் திட்டத்தில் ஃபெடரல் 52 சதவீதமும் மாகாணம் 48 சதவீதமும் தருகின்றன. சேவையின் உண்மைச் செலவோ அந்த ஒப்பந்தத் தொகையைத் தாண்டிவிடும். கியூபெக்கின் மாஷ்டெயூயாட்ஷ் சமூகம் பற்றாக்குறையை வருடா வருடம் தானே சுமந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் மாகாணம் நேர்மையாகப் பேச்சு நடத்தவில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. புதுப்பித்தல் பேச்சின் ஒவ்வொரு மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: இந்தியாவில் சட்டம் படித்தவர், பூர்வகுடி அல்லாதவர். எனக்கு இதில் இடமுண்டா?

உண்டு. முதலில் என்.சி.ஏ. (வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களை மதிப்பிடும் அமைப்பு) மதிப்பீடு. அதில் அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், கனடியச் சட்ட அடிப்படைகள், தொழில்முறைப் பொறுப்பு ஆகியவை கட்டாயப் பாடங்கள். பிறகு மாகாண சட்டச் சங்கத்தின் உரிம நடைமுறை. மறுபடி முழுப் பட்டம் படிக்கத் தயார் என்றால், விக்டோரியா பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய நான்காண்டு இரட்டைப் பட்டத்தில் பூர்வகுடிகளின் சொந்தச் சட்ட மரபுகளும் பாடம்.

விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரியாக முப்பது பக்கக் கட்டுரையை அனுப்ப வேண்டாம். ஒரு துணைச்சட்டப் பிரிவை எடுத்து, இப்போதைய வாசகம் இடப்பக்கம், உங்கள் திருத்தம் வலப்பக்கம், கீழே காரணமும் செலவும் என்று இரண்டு பக்கத்தில் அனுப்புங்கள்.