காலம் இவ்வளவு மாறிய பிறகும் பழமைவாதக் கிறிஸ்தவ நம்பிக்கைகளில் எப்படி நிற்கிறீர்கள்? பிள்ளைகளுக்கும் அதையே சொல்லித் தருவீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்த ரகம்தான். வேதாகமம் தேவனுடைய வார்த்தை, இயேசு உடலோடு உயிர்த்தெழுந்தார், அவர் மூலமாக மட்டுமே இரட்சிப்பு, திருமணம் என்பது ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஆயுளுக்கும் செய்துகொள்ளும் உடன்படிக்கை, உடலுறவு அதற்குள்தான், கருவில் இருப்பதும் உயிர்தான். இதில் எதையும் நான் கைவிடவில்லை. அலுவலகத்தில் என்னைச் செல்லமாகப் 'பழைய பஞ்சாங்கம்' என்பார்கள். வாழ்க்கையில் பஞ்சாங்கமே பார்க்காத ஆளுக்கு இப்படி ஒரு பட்டம்.

ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். நான் நம்புவதிலேயே நம்பக் கடினமானது, செத்து அடக்கம் செய்யப்பட்ட ஒருவர் மூன்றாம் நாள் எழுந்து வந்து சீஷர்களுக்கு முன்னால் பொரித்த மீன் சாப்பிட்டார் என்பது. அதற்காக யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. "சரி, அது உங்க நம்பிக்கை" என்று நகர்ந்துவிடுகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் சண்டை முழுக்க அங்கேதான் நடந்தது. 1910இல் அமெரிக்காவின் பிரஸ்பிட்டேரியன் என்ற சீர்திருத்தச் சபைப் பிரிவின் பொதுச்சபை, விட்டுக்கொடுக்கக் கூடாத உபதேசங்கள் என்று ஐந்தைக் குறித்தது. வேதத்தின் பிழையின்மை, கன்னிப் பிறப்பு, சிலுவையின் பாவநிவாரணம், உடலோடு உயிர்த்தெழுதல், அற்புதங்கள். குடும்பத்தைப் பற்றியோ உடலுறவைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. அந்த விஷயத்தில் சபைக்கும் ஊருக்கும் பெரிய தகராறு இல்லாத காலம் அது.

இன்றைக்கு எல்லாம் தலைகீழ். 2001இல் நெதர்லாந்து முதல் நாடாகத் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் உரிமையாக்கியது. ஐக்கிய மெதடிஸ்ட் சபை 2024இல் தன்பாலினத் திருமணம் தொடர்பான தன் பழைய தடைகளை நீக்கியது. அந்த முடிவு வருவதற்குள்ளாகவே அமெரிக்காவில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சபைகள் அதைவிட்டுப் பிரிந்திருந்தன. நான் வாலிபர் கூடுகைக்குப் போன நாட்களில் எவரும் கேள்வி கேட்காத ஒரு விஷயம், என் மகள் அதே வயதுக்கு வருவதற்குள், சொன்னாலே முகம் சுளிக்கிற விஷயமாகிவிட்டது.

இனி எப்படி நிற்கிறேன் என்பது. அதற்கு முன்னால் நான் சறுக்கிய கதை இரண்டு உண்டு.

ஒரு ஜூன் மாதம். காலையில் அலுவலகம் போனால் எல்லோருடைய கீபோர்டு மேலும், தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்கு ஆதரவு காட்டும் ஒரு வானவில் பேட்ஜ். கட்டாயமில்லை, விருப்பமுள்ளவர்கள் குத்திக்கொள்ளலாம் என்று மின்னஞ்சல். நான் அதை எடுத்து இழுப்பறையில் வைத்தேன். குப்பைக்கூடையில் போட மனசில்லை, குத்திக்கொள்ளவும் முடியவில்லை. பக்கத்து மேசை நண்பர் பார்த்துவிட்டார். அவர் தன்பாலின ஈர்ப்புள்ளவர், அது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். மதியம் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது கேட்டார்: "உங்க கணக்குல நான் பாவியா?"

"எல்லாருமே பாவிங்கதான், நானும்தான்" என்று ஆரம்பித்தேன்.

"அது வேண்டாம். அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

சரி என்று சொன்னேன். என் விசுவாசப்படி உடலுறவு ஆண் பெண் திருமணத்துக்குள் மட்டும்தான். அதற்கு வெளியே எதுவாக இருந்தாலும், கல்யாணமான ஆண் இன்னொரு பெண்ணைத் தேடிப் போனாலும், பாவம்தான். உங்களுக்காக இதை மாற்றிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் இங்கே யாராவது உங்களைக் கேவலமாக நடத்தினால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். பிசகில்லாமல் பேசிவிட்டதாக எனக்குள்ளே ஒரு திருப்திகூட வந்தது.

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார்: "போன வருஷம் டீம் டின்னர்ல என்னை மாதிரி நடந்து காட்டி எல்லாரும் சிரிச்சாங்களே, நீங்களும் அங்கதான் இருந்தீங்க. ஒண்ணும் சொல்லலையே."

உண்மைதான். நான் சிரிக்கவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், அவரும் சரி என்றார். அந்த பேட்ஜ் இன்னும் இழுப்பறையில்தான் கிடக்கிறது, ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குப் பக்கத்தில்.

இரண்டாவது கதை என் மகளுடையது. அவளுக்கு அப்போது பதினேழு. ஒருநாள் குடும்ப ஜெபம் முடிந்து விளக்கை அணைக்கப் போகும்போது சொன்னாள்: "அப்பா, இந்த வருஷம் சர்ச்சுல ஓரினச்சேர்க்கை பத்தி மூணு பிரசங்கம் கேட்டுட்டேன். பொண்டாட்டியை அடிக்கிறவங்களைப் பத்தி ஒண்ணுகூடக் கேட்கலை. அந்த ஆன்ட்டி கையில கட்டோட வந்தாங்களே, நீங்க எல்லாரும் என்ன செஞ்சீங்க?"

என்ன செய்தோம் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்தச் சபைக் கமிட்டியில் இருந்தேன். "பொறுத்துப் போங்கம்மா, ஜெபிங்க, கர்த்தர் அவரை மாத்துவார்" என்று அனுப்பிவைத்தோம். மல்கியா இரண்டாம் அதிகாரத்தைக்கூட ஒருவர் வாசித்தார்: தள்ளிவிடுதலை, அதாவது விவாகரத்தை, கர்த்தர் வெறுக்கிறார் என்று. அந்த வசனம் அத்தோடு முடிவதில்லை. அடுத்த வரியிலேயே, கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றியும் சொல்கிறது. அந்தப் பாதியை யாரும் வாசிக்கவில்லை. வேதத்தின் ஒவ்வொரு வார்த்தையும் தேவனுடையது என்று பிரமாணம் சொல்கிற நாங்கள் ஒரே வசனத்தில் பாதியை விட்டுவிட்டோம்.

அன்றைக்கு ராத்திரி கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தேன். சபைக்குள்ளேயே ஒருவன் தகப்பனுடைய மனைவியோடு வாழ்கிறான், சபை அதைப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறது. பவுல் கொதிக்கிறார். ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசியில், வெளியே இருக்கிறவர்களைத் தீர்ப்புச் செய்வது என் வேலையா என்று கேட்கிறார். உள்ளே இருப்பவர்களை நீங்கள் பாருங்கள், வெளியே இருப்பவர்களைத் தேவன் பார்த்துக்கொள்வார். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். நாங்கள் அதை அப்படியே திருப்பிப் போட்டிருந்தோம் என்பது அன்றுதான் உறைத்தது. வெளியே இருப்பவர்களுக்கு வருஷத்தில் மூன்று பிரசங்கம், உள்ளே அடிக்கிறவருக்குப் பாடல் குழுவில் மைக்.

அடுத்த கமிட்டியில் எழுந்து பேசினேன். இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் அவரை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கினோம், அந்தச் சகோதரி பாதுகாப்பாகத் தனியே இருக்க உதவினோம், போலீஸுக்குப் போவது அவருடைய உரிமை, சபை குறுக்கே நிற்காது என்று எழுத்தில் கொடுத்தோம். 'சபை உலகத்தோடு ஒத்துப்போய்விட்டது' என்று இரண்டு குடும்பங்கள் விலகின. எனக்கு இன்றுவரை புரியாத பேச்சு இது. திருமணம் தேவனுக்கு முன் செய்த உடன்படிக்கை என்று நிஜமாகவே நம்புகிறவனுக்கு, அதை முதலில் உடைத்தவன் கை ஓங்கியவன்தான் என்று தெரிய வேண்டாமா? இதைவிடப் பழமைவாதமாக நாங்கள் வேறு எதுவும் செய்ததில்லை என்பேன்.

இதற்குப் பிறகு, நான் 'ஆதியிலிருந்தே' என்று நினைத்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். சில ஆதியிலிருந்து வந்தவை இல்லை. கருத்தடை ஒரு நல்ல உதாரணம். 1930இல் ஆங்கிலிக்கன் பிஷப்புகள் லாம்பெத் மாநாட்டில் நிபந்தனைகளோடு அனுமதிக்கும்வரை பெரிய சபைகள் எல்லாமே அதை எதிர்த்தன. அதே வருஷக் கடைசியில் போப் அதை மறுத்துச் சுற்றுமடல் எழுதினார், 1968இல் ரோம் மறுபடியும் உறுதிசெய்தது. எங்களைப் போன்ற சீர்திருத்தச் சபைக்காரர்களோ சத்தமில்லாமல் மாறிக்கொண்டோம். என் சபையில் இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட எந்த மூப்பரும் தன்னைத் தாராளவாதி என்று நினைப்பதில்லை. ஆக, காலத்தோடு மாறாதவர்கள் நாங்கள் என்று மார்தட்ட வழியில்லை.

அடிமைமுறை இன்னும் வலிக்கிற உதாரணம். அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 1845இல் தனி அமைப்பானதற்கு அடிமைமுறைத் தகராறுதான் காரணம். வேத வசனங்களைக் காட்டித்தான் அதை நியாயப்படுத்தினார்கள். அதற்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995இல், நூற்றைம்பது வருஷம் கழித்து. அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இங்கிலாந்தில் வில்பர்ஃபோர்ஸ் இருபது வருஷம் நாடாளுமன்றத்தில் தோற்றுத் தோற்று, 1807இல் அடிமை வணிகத்துக்குத் தடை வாங்கினார். அடிமைமுறையையே ஒழிக்கும் மசோதா தேறிவிடும் என்ற செய்தி 1833 ஜூலை 26 அன்று அவருக்குக் கிடைத்தது. மூன்று நாள் கழித்து இறந்துபோனார்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் வேதம் ஒன்றுதான். வித்தியாசம், நம்பிக்கைக்கான விலையை யார் கட்டினார்கள் என்பதில். வில்பர்ஃபோர்ஸ் தன் உடம்பையும் அரசியல் வாழ்வையும் கொடுத்தார். மற்றவர்கள் அடிமைகளை விலை கொடுக்க வைத்தார்கள். இப்போது ஏதாவது ஒரு நிலைப்பாட்டை எடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். பொறுத்துப் போங்கம்மா என்று நாங்கள் சொன்னபோது விலை கொடுத்தது அந்தச் சகோதரி. டின்னரில் நான் தட்டைப் பார்த்தபோது விலை கொடுத்தது என் நண்பர். பேட்ஜைக் குத்தாததற்கு நான் கொடுத்த விலை சில வறண்ட 'குட் மார்னிங்'குகள், அவ்வளவுதான். அதை உபத்திரவம் என்று சாட்சி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நிற்கும் விதத்துக்கு எனக்குப் பிடித்த ஆள், வேதாகமத்தில் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூத இளைஞன் தானியேல். பாபிலோன் அவன் பெயரையே மாற்றுகிறது, பெல்தெஷாத்சார் என்று, ஏற்றுக்கொள்கிறான். கல்தேயரின் எழுத்தும் பாஷையும் படிக்கச் சொல்கிறார்கள்; படித்துத் தேறுகிறான். அரசு வேலையும் பார்க்கிறான். ராஜாவின் போஜனம் என்று வரும்போது மட்டும் இது முடியாது என்கிறான். அதையும் எப்படிச் செய்கிறான் பாருங்கள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை, அரண்மனையில் யாருமே அதைச் சாப்பிடக் கூடாது என்று போராடவில்லை. மேற்பார்வையாளனிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்கிறான். அந்த அதிகாரியின் தலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்கிற கவலையும் அந்த வேண்டுகோளுக்குள் இருக்கிறது. எங்கள் வாலிபர் கூடுகையில் தானியேலின் தைரியத்தைப் பற்றி நிறைய கேட்டிருக்கிறேன், அவனுடைய மரியாதையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

தனிமையாக இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சில நாள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கிறிஸ்தவம் தொடங்கியதே சிறுபான்மையாகத்தான். சுமார் கி.பி. 112இல் ரோமப் பேரரசின் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடி, திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள் என்று விசாரித்து எழுதியிருக்கிறார். அவர்கள் சத்தியம் செய்தது தங்களுக்காக, பிளினிக்காக இல்லை. தியோக்னேத்து என்பவருக்கு எழுதப்பட்ட பழைய மடல் ஒன்றும், கிறிஸ்தவர்கள் மற்றவர்களைப் போலவே உடுத்துகிறார்கள், மணம் முடிக்கிறார்கள், ஆனால் பிறந்த குழந்தையை வெளியே எறிவதில்லை, பந்தியைப் பகிர்வார்கள், படுக்கையை அல்ல என்கிறது. ஊரே நம் பக்கம் இருந்த காலத்தை இயல்பு என்று நினைத்துக்கொண்டதுதான் எங்கள் தலைமுறையின் தவறு.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா என்பதற்கு வருகிறேன். தருகிறேன். நான் உண்மை என்று நம்புவதைப் பிள்ளையிடம் மறைப்பது என்னால் முடியாத காரியம். ஆனால் 'ஏன்' என்று கேட்டால் 'பாஸ்டர் சொன்னார்' என்று பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். தெரியாதவற்றைத் தெரியாது என்கிறேன். தன்பாலின ஈர்ப்போடு சபைக்குள்ளேயே வளர்கிற ஒரு பிள்ளைக்கு, துறவைத் தவிர நாம் கொடுப்பது என்ன என்று என் மகள் கேட்டாள். தனியாக வாழ்கிறவர்களுக்கு வீடும் குடும்பமும் ஆகிற சபையாக நாம் இல்லையென்றால், அந்த உபதேசத்தைச் சொல்ல நமக்கு வாய் இல்லை என்றேன். "அப்ப நாம அப்படி இருக்கோமா?" என்றாள். இல்லை என்றேன்.

அவளுக்கு இப்போது இருபது. விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போது எங்களோடு ஆராதனைக்கு வருகிறாள், சில ஞாயிறு வருவதில்லை. நான் நம்புவதில் பாதியைத்தான் அவள் நம்புகிறாள் என்று நினைக்கிறேன். எந்தப் பாதி என்று இன்னும் கேட்கவில்லை. போன வாரம் அவளே போன் செய்து, மல்கியாவில் அந்த வசனம் எத்தனையாவது என்று கேட்டாள். 2:16 என்றேன். எதற்கு என்று கேட்பதற்குள் வகுப்புக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள்.